மட்டக்கம்பு

அக்குறணைச் சைக்கிள் கடைக்குள் காலை வெயில் நீல ரேஸ் சைக்கிளின் மேல் வழுக்குகிறது. “இது அம்பத்தினாலு சைஸ். மகள் ஓடுறது அம்பத்திரெண்டு. சரிவராது அக்கா,” என்கிறார் கடைக்கார அஸ்ஃபர். மகள் சுகிர்தாவின் கை நீலக் குழாயை விட மறுக்கிறது. அவளுடைய அம்மா புஷ்பராணி, தேயிலைச் செடிகளுக்கு மட்டம் பார்க்கும் கம்பைத் தெல்தோட்டையிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்திருக்கிறாள். மகள் மிதித்துவந்த பழைய சிவப்புச் சைக்கிளில், கைப்பிடித் தண்டிலிருந்து சீட்டுத் தண்டுவரை கம்பைப் படுக்கையாகப் பிடித்து, அது முட்டும் இடத்தைக் கம்பில் நகத்தால் கீறுகிறாள். பிறகு நீலத்தில் வைக்கிறாள். அதன் மேற்குழாய் பின்பக்கம் இறங்குகிறது. அவள் கம்பு இம்மியும் இறங்குவதில்லை. கீறல் சீட்டுத் தண்டில் அச்சாகப் பொருந்துகிறது. அஸ்ஃபர் கம்பு பிடித்த மட்டத்திலேயே டேப்பால் இரண்டையும் அளக்கிறார், மறுபடியும் அளக்கிறார். “ஒரே நீளம்தான். கம்பெனிக்குக் கம்பெனி நம்பர் வேற.” புஷ்பராணி கம்பை நிமிர்த்திப் பிடிக்கிறாள். “நம்பர் எனக்குத் தெரியாது மொதலாளி. மட்டம் தெரியும்.”