வேனில் இரண்டு சீட்

சென்னையில் நடக்கும் அந்த இசை நாடகத்தைப் பார்க்க வேண்டும் என்று கிருத்திகா கேட்டதும், தங்கதுரை டிவி ரிமோட்டை எடுத்து அவள் கையில் வைத்தார். பாட்டும் கூத்தும் இதிலேயே வருகிறதே, இதற்கு எதற்குச் சென்னை என்றார்.

திருப்பூரில் சொந்தமாகப் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். வாசலில் இரண்டு கார் நிற்கிறது. ஆனால் மனைவி ஏதாவது ஆசைப்பட்டால் மட்டும் ஆர்டர் குறைந்துபோனது அவருக்கு ஞாபகம் வந்துவிடும்.

கிருத்திகா விடவில்லை. கல்லூரியில் மேடையேறிப் பாடியவள். கல்யாணத்துக்குப் பிறகு குளியலறையோடு நின்றுபோனது அவள் பாட்டு. செலவில்லாமல் போகும் வழியை அவளே தேடிக் கண்டுபிடித்தாள்.

கம்பெனியின் கட்டிங் மாஸ்டர் அந்தோணிராஜ், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். அவருடைய சர்ச் பாடகர் குழு அதே நாடகத்துக்கு வேன் பிடித்துப் போகிறது. மொத்தமாக வாங்கியதால் டிக்கெட்டில் நல்ல தள்ளுபடி. புளிச்சோறும் தயிர்ச்சோறும் கட்டிக்கொள்கிறார்கள். குளித்து உடை மாற்ற அங்கே ஒரு சர்ச் ஹால் இருக்கிறது. வேனில் இரண்டு சீட் காலி.

"அக்காவும் நீங்களும் வாங்க முதலாளி. ஞாயித்துக்கிழம வெள்ளன கிளம்புனா மறுநா காலைல திரும்பிரலாம்," என்றார் அந்தோணிராஜ்.

தங்கதுரை உடனே சரி என்றார். கிருத்திகாவுக்கு அதை நம்பவே முடியவில்லை.

நம்பியிருக்கவும் வேண்டியதில்லை. தங்கதுரை தன்னை அறிவாளி என்று நினைப்பவர். டிக்கெட்டைக் கொடுத்துக் குடும்பத்தை வெளியூர் அனுப்பிவிட்டு, பூட்டிய வீட்டைச் சுத்தமாகத் துடைத்துக்கொண்டு போகிறவர்களைப் பற்றிப் பேப்பரில் படித்திருந்தார். துணி வெட்டுகிறவனுக்கு நாடகம் ஒரு கேடா? முதலாளியை எதற்குக் கூப்பிடுகிறான்? வீட்டு பீரோவில் இருக்கும் நகைக்குத்தான்.

இதை அக்கா மகன் ரித்தீஷிடம் மட்டும் சொன்னார். கம்பெனியில் மேனேஜராக இருப்பவன். ரித்தீஷ் வாயைப் பிளந்து கேட்டான்.

"எங்களுக்கெல்லாம் இது தோணவே தோணாதுங்க மாமா," என்றான்.

தங்கதுரைக்கு உச்சி குளிர்ந்தது. திட்டம் முழுவதையும் விரித்தார். தான் காரில் முன்னால் போய்த் தியேட்டரில் சேர்ந்துகொள்வதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டு, வீட்டுக்குள்ளேயே பதுங்கியிருப்பது. கம்பெனி வாட்ச்மேன்கள் இருவரையும் துணைக்கு வைத்துக்கொள்வது. வருகிறவனைக் கையும் களவுமாகப் பிடிப்பது. தன்னுடைய சீட்டில் ரித்தீஷ் உட்கார்ந்து, அந்தோணிராஜ் யாருக்குப் போன் போடுகிறான் என்று கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொள்வது.

கிளம்பும்போதுதான் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் முகம் சுருங்கிப்போனது. அந்தோணிராஜ் அப்படிப்பட்ட ஆளில்லை என்று அவள் சொன்னதற்கு, உனக்கு மனிதர்களைத் தெரியாது என்றார்.

வேன் புறப்பட்டது. தங்கதுரை கதவு ஜன்னலை எல்லாம் அடைத்தார். வெளியே சத்தம் கேட்குமென்று மின்விசிறியைக்கூட நிறுத்தினார். சித்திரை வெயிலில் வேர்த்து ஊற்ற, சோபாவுக்குப் பின்னால் வாட்ச்மேன்களோடு குந்தியிருந்தார். அவ்வப்போது ரித்தீஷிடமிருந்து வாட்ஸ்அப்பில் தகவல் வந்தது. ஆள் என் கண் முன்னால்தான் இருக்கிறான் மாமா, கவலை வேண்டாம்.

மதியத்துக்கு மேல் கேட் திறக்கும் சத்தம் கேட்டது. மூவரும் பாய்ந்து போய் அமுக்கினார்கள். அகப்பட்டவர், தெருக்கோடிக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை கேட்டு வந்த பெரியவர். சட்டை கிழிந்து நின்ற அவரைச் சமாதானப்படுத்த, தங்கதுரை வாழ்நாளிலேயே முதல்முறையாகத் தாராளமாகக் கொடுக்க வேண்டியதாயிற்று.

சாயங்காலம் இடைவேளையில் கிருத்திகா கூப்பிட்டாள். மேடையில் கடலே வந்தது என்றாள். அழுதுவிட்டேன் என்றாள். வேறு ஏதோ சொல்ல வந்தாள். தங்கதுரைக்குப் பொறுமையில்லை.

"அழுகறதுக்கு அவ்வளவு தூரம் போகோணுமா?" என்று போனை வைத்துவிட்டார்.

வேறு யாரும் வரவில்லை. திருடன் பயந்துவிட்டான் என்று வாட்ச்மேன்களிடம் மீசையை முறுக்கினார்.

திங்கட்கிழமை காலை அவர்களைக் கூட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனவர், கேட்டிலேயே நின்றுவிட்டார். பூட்டு உடைக்கப்படவில்லை, திறந்து கிடந்தது. கப்பலேறத் தயாராக அடுக்கியிருந்த பனியன் பெட்டிகளில் ஒன்றுகூட இல்லை. லாரி டயர்த் தடம் மட்டும் இருந்தது. கேமராப் பதிவுகள் இருந்த பெட்டியையும் காணவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்து விசாரித்துக்கொண்டிருந்தபோதே சர்ச் வேனும் வந்து சேர்ந்தது. தூக்கக் கண்ணோடு இறங்கிய அந்தோணிராஜின் சட்டையைத் தங்கதுரை கொத்தாகப் பிடித்தார். இவன்தான் ஆள் வைத்துச் செய்தான் என்றார். அந்தோணிராஜ் ஒன்றும் புரியாமல் காலிக் கிடங்கையே பார்த்துக்கொண்டு நின்றார். சட்டையிலிருந்து கையை எடுக்கச் சொன்னார் இன்ஸ்பெக்டர்.

"ஏனுங்க சார், எங்க மாப்பிள்ளை போகவர இவன் பக்கத்துலயே உக்காந்துட்டு வந்திருக்கறான். யாருக்குப் போன் போட்டான், என்ன பேசுனான்னு எல்லாம் அவன்கிட்டக் கேளுங்க," என்றவர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். "ரித்தீஷ் எங்க புள்ள?"

"ரித்தீஷுங்களா?" என்றாள் கிருத்திகா. "வாட்ச்மேன் ரெண்டு பேரும் ஊட்டுல இருக்கறாங்க, கம்பெனிக்குக் காவல் இல்லைன்னு மாமா போகச் சொன்னாருன்னு சொல்லிட்டு, அவன் நேத்துக் காலைல ஊரைத் தாண்டுனதும் பெருமாநல்லூர்லயே இறங்கிட்டானுங்களே."