எதைக் கண்டு சுட்டவர்?

"நீர் வரவேண்டாம், மலர். நான் மட்டும் போட்டு வாறன்."

கார் கதவைப் பிடித்தபடி ஸ்ரீஸ்கந்தராசா திரும்பவும் சொல்லிப் பார்த்தார். ஜெயமலர் காதில் வாங்கவில்லை. முன்சீட்டில் ஏறி பெல்ட்டையும் போட்டுவிட்டாள். பெற்ற மகளைப் பறிகொடுத்தவளை வீட்டிலே இரு என்றால் இருப்பாளா?

"அந்தாள் எதைக் கண்டு சுட்டது எண்டு அந்தாளின்ர வாயாலை கேக்கவேணும். வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம்" என்றாள்.

கார் ஸ்காபரோவை விட்டு வடக்கே ஏறியது. போன இலையுதிர் காலத்தில் மகள் கஜனியின் பள்ளிக்கூட பஸ் போனதும் இதே றோட்டால்தான். பள்ளிக்கூடத்தில் ஒரு சங்கம் இருந்தது. ஒரு கூட்டம் காட்டுக்குள் பிளாஸ்டிக் பெட்டிகளை ஒளித்து வைக்கும். மற்றக் கூட்டம் வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்துக்கொண்டு தேடிப் பிடிக்கும். பெட்டிக்குள் இருப்பது என்னவோ மிட்டாயும் பென்சிலும்தான். அதற்குப் போய் அந்தப் பிள்ளை வாரக்கணக்காகத் துள்ளிக்கொண்டு திரிந்தாள். ஆனால் அது வேட்டைக்கென்று திறந்துவிட்ட அரசாங்கக் காடு. மான் வேட்டைக் காலமும் தொடங்கியிருந்தது. பெட்டியை எடுக்கக் குனிந்தவளை ஒரு கிழவரின் துவக்குச் சூடு சாய்த்துவிட்டது. விசாரித்த போலீஸ் விபத்து என்று முடித்துவிட்டது.

அந்தக் காட்டில் இனி இந்த விளையாட்டை விடுவதா, தடுப்பதா என்று தீர்மானிக்கத்தான் இன்றைக்குக் காட்டை ஒட்டிய சிற்றூரின் மண்டபத்தில் கூட்டம்.

மண்டபம் நிரம்பியிருந்தது. வேட்டைக்காரர் பக்கத்திலிருந்து ஒருவர் எழும்பி, இந்தக் காடு தாங்கள் கட்டுகிற காசில் பராமரிக்கப்படுவது, சுடுகிற இடத்தில் பிள்ளைகள் பாதையை விட்டுப் புதருக்குள் புகுந்து திரிந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். சங்கத்து ஆசிரியை அழுதுகொண்டே பேசினார். காடு எல்லாருக்கும் சொந்தம், வேட்டை இல்லாத மாதங்களிலாவது பிள்ளைகளை உள்ளே விடுங்கள் என்றார். இரண்டு பக்கத்திலும் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது.

ஸ்ரீஸ்கந்தராசா எல்லாவற்றையும் மனைவியின் காதுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். அவளுடைய இங்கிலீசு பஸ்ஸுக்கும் கடைக்கும் காணும், அதற்கு மேலே போகாது. போலீஸ் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எல்லாமே அவர் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

கூட்டத் தலைவி, இறந்த பிள்ளையின் தகப்பனைப் பேச அழைத்தார். அவர் எழும்பி, விளையாட்டை நிற்பாட்டுங்கள் என்று இங்கிலீசில் சொன்னார். பிள்ளைகளை அந்தக் காட்டுக்குள் விட்டதுதான் பிழை, சுட்டவரில் தனக்குக் கோபம் இல்லை, அவரை யாரும் ஒன்றும் கேட்கவேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சட்டென்று உட்கார்ந்துகொண்டார்.

கடைசி வரிசையில் இருந்த, சுட்ட கிழவர் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். அதைக் கண்டதும் ஜெயமலருக்கு ஏதோ உறைத்தது. என்ன சொன்னீர்கள் என்று கணவரை நெருக்கினாள். அவர் மழுப்பப் பார்த்தார், அவள் விடவில்லை. கடைசியில் சொன்னார்.

"கோவமில்லையோ?" அவள் அவர் பக்கம் முழுதாகத் திரும்பினாள். "பெத்த தேப்பன் கதைக்கிற கதையே இது?"

அவள் எழும்பிவிட்டாள். கிழவரை நோக்கிக் கையை நீட்டியபடி நின்றாள். அம்மாவுக்கு ஏதாவது கேட்கவேண்டுமா என்று தலைவி மெதுவாகக் கேட்டார்.

ஸ்ரீஸ்கந்தராசா அவள் கையைப் பிடித்து இழுத்தார். "இரும், மலர். தெரிஞ்சு என்ன செய்யப்போறீர்? பிள்ளை வரப்போறாளே?"

"கேளுங்கோ."

"சொல்லுறதைக் கேளும்."

"நீங்கள் கேக்காட்டி நான் உதிலையே நிப்பன்."

வேறு வழியில்லாமல் அவர் கேட்டார். கிழவர் தள்ளாடி எழும்பினார். தொப்பியைக் கைக்குள் கசக்கிக்கொண்டு, தலையை நிமிர்த்தாமல், வாய்க்குள்ளேயே ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்தவர்களே காதைக் கொடுத்துத்தான் கேட்கவேண்டியிருந்தது. ஜெயமலருக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை.

கிழவர் சொன்னது, ஸ்ரீஸ்கந்தராசா போலீஸிடம் முன்பே கேட்டறிந்ததுதான்: "புதருக்குள்ளே வெள்ளையாக ஏதோ படபடத்தது. இந்தப் பக்கத்து மானுக்கு வாலின் அடிப்பக்கம் வெள்ளை. வாலைத் தூக்கிக்கொண்டு ஓடப்போகிறது என்று நினைத்துவிட்டேன். அந்த வெள்ளை இல்லாவிட்டால் நான் விசையைத் தொட்டிருக்கவே மாட்டேன்."

ஜெயமலர் கணவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என்னவாம்?"

ஸ்ரீஸ்கந்தராசா கிழவரைப் பார்த்தபடியே தமிழில் சொன்னார்.

"ஒண்டையும் வடிவாய்க் காணேல்லையாம். கண்ணிலை வெயில் அடிச்சதாம்."

"வெயிலோ" என்று அவள் மெல்ல உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. "கடவுளே, பாழாய்ப்போன வெயில்."

அவர் அவளைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். காட்டில் வேட்டைக்காரரும் நிற்பார்கள் என்று கஜனி சொன்ன அந்தக் காலையில், ஊரில் சண்டை நாட்களில் ஹெலிகொப்டர் சுற்றிச் சுற்றிச் சுட்டபோது சைக்கிளில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு ஓடியதைப் போலவே, "வெள்ளையைக் கண்டா ஒருத்தரும் சுடமாட்டினம்" என்று தன்னுடைய வெள்ளைச் சீலையைக் கிழித்து மகளின் தோள்பையில் கட்டிவிட்டவள் அவள்தான்.