அப்பா முகத்தில் அம்பு

"இந்தாம்மா, எங்கப்பா மொகத்துல அந்த அம்பை நிறுத்தாதன்னு எம்புட்டு தடவை சொல்றது?"

தங்கப்பாண்டி மறுபடியும் கத்தினார். எழுமலையிலிருந்து மதுரைக்குக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடிக்க வந்தவர்.

ரோகிணி மவுஸை வெடுக்கென்று இழுத்தாள். அவள் டிசைன் வேலை பார்க்கும் அந்த ஃப்ளெக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் ஒன்று, மானிட்டர் இரண்டு. அவள் முன்னால் இருந்ததில் வேலைக்கான பட்டன்கள். வாடிக்கையாளர் பக்கம் திருப்பி வைத்ததில் பேனர். அம்புக்குறி இவள் திரையின் ஓரத்தில் மறையும். அந்தத் திரையில் தங்கப்பாண்டியின் அப்பா, பெரியவர் முத்திருளனின் மீசையில்தான் போய் முளைக்கும். ஒவ்வொரு முறையும் இதே கூத்து.

"வெறும் படந்தானேண்ணே" என்று முனகினாள்.

"படமா? எங்கப்பாம்மா! அவரு மேல ஒரு தூசி படவிட்டதில்ல நானு."

குரல் உடைந்தது. துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கடை முதலாளி பத்ரிநாத் ரோகிணி பக்கம் குனிந்தார். "பெத்தவங்க மேல இப்படி உசுரா இருக்கவங்கள இந்தக் காலத்துல எங்கம்மா பாக்குறோம்? ஏதாச்சும் பண்ணிக் குடு."

ரோகிணிக்கு வெட்கமாகிவிட்டது. அவள் தன் அப்பாவுக்குப் போன் செய்தே நாளாகிறது.

செட்டிங்ஸைத் திறந்தாள். இரண்டு மானிட்டரும் அதில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கட்டங்களாகத் தெரிந்தன. இரண்டாவது மானிட்டரின் கட்டத்தை இழுத்து, தன் கட்டத்துக்கு மேலே கொண்டுபோய் வைத்தாள்.

"இனிமே அம்பு கீழ இருந்துதாண்ணே ஏறி வரும். ஐயா காலடியிலேயே நின்னுக்கும். மொகத்துப் பக்கம் போகாது."

தங்கப்பாண்டி கையெடுத்துக் கும்பிட்டார். "நீ நல்லாருக்கணும் தாயி."

அதன்பிறகு வேலை மளமளவென்று நடந்தது. மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள் பெயரெல்லாம் ஏறின. அம்பு பெரியவரின் செருப்புக்குக் கீழேயே பணிவாக வந்து போனது.

"பிறந்த தேதி போட்டாச்சுண்ணே. மறைந்த தேதி சொல்லுங்க."

"அதுக்கு மட்டும் எடம் விட்டு வையும்மா. இன்னும் ஆஸ்பத்திரியிலதான் கெடக்காரு."

ரோகிணி மவுஸை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"ஆப்பரேசன் பண்ணா எந்திரிச்சு நடந்துருவாருன்னுதான் டாக்டரு சொல்றாரு. வயசான உசுருக்கு எதுக்கு வெட்டிச் செலவு? சாயங்காலம் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறோம். ஒண்ணு ரெண்டு நாள்ல தேதியப் போன்ல சொல்லிர்றேன்."