வால்வுக்கடியில் தம்பி

காலை ஷிஃப்ட் முடிந்து வந்த குளோரோபென்சீன் ஆலை ஆபரேட்டர் வாசலில் நின்று சட்டையைக் கழற்றுகிறார். மாலை வெயில் பொத்தான்களில் மின்னுகிறது. ஓடி வந்த மகள் இரண்டடி தள்ளியே நின்று மூக்கைப் பொத்திக்கொள்கிறாள். "ஐயே, அப்பா! நேத்தவிட ஜாஸ்தியா பாதாம் வாசனை அடிக்குது." அவர் சட்டையை முகத்தில் அழுத்தி மூச்சை இழுக்கிறார். ஒன்றும் தெரியவில்லை. உள்ளே வெங்காயம் வதங்கும் சத்தம் கேட்கிறது; அந்த மணமும் வரவில்லை. சட்டையைக் கீழே போட்டுவிட்டு போனை எடுக்கிறார். மதியம் அந்த நச்சு ரசாயனம் கசிந்த வால்வுக்கு அருகே குனிந்து முகர்ந்துவிட்டு, 'பாதாம் வாசனை இல்லை, கசிவு நின்றது' என்று பதிவேட்டில் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். அந்தக் கையெழுத்தை நம்பி, முகமூடியைக் கழற்றிவிட்டு, அதே வால்வுக்கடியில் இப்போது வேலை பார்ப்பது அவருடைய தம்பி. காதில் வைத்த போனில் மணி போய்க்கொண்டே இருக்கிறது. மகள் இன்னும் மூக்கிலிருந்து கையை எடுக்கவில்லை.