தை எட்டு, காலை ஒன்பது

“பொம்பிளை எந்த ஊர், அண்ணை?”

வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஞானாம்பிகை கேட்டாள். கேட்கத்தானே செய்வாள்? இரண்டு கிழமையாகச் செல்வநாயகத்தார் பஞ்சாங்கமும் கையுமாக விறாந்தையில் இருந்தால், கனடாவில் இருக்கிற மகனுக்குக் கலியாணம் என்றுதான் பக்கத்து வீட்டுக்காரி நினைப்பாள்.

“கலியாணம் இல்லைப் பிள்ளை. அவனுக்கு ஊசி போட நாள் பாக்கிறன்.”

அவள் வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள். சிரிக்கிறவள் சிரிக்கட்டும், அவளுக்கென்ன தெரியும் என்று செல்வநாயகத்தார் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

மகன் சோமசேகரம் சின்ன வயதிலேயே தொய்வுக்காரன். மாரி வந்தால் மூச்சு இழுக்கும். நெஞ்சைத் தடவித் தடவி நிமிர்த்தி வைத்திருந்ததெல்லாம் இவர்தான். அந்த நெஞ்சோடு பிள்ளை பனிக்குள் போய்க் கிடக்கிறானே என்று மூன்று வருடமாக இவருக்கு ஒழுங்கான நித்திரை கிடையாது.

ஐப்பசியில் அவனுடைய கடிதம் வந்தது. குளிர் தொடங்க முன்னம் அங்கே ஆண்டுதோறும் ஒரு காய்ச்சல் தடுப்பூசி போடுவார்களாம். ‘உன்னுடைய நெஞ்சுக்கு அந்தக் காய்ச்சல் வந்தால் தாங்காது, கெதியாகப் போட்டுவிடு’ என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். ‘எப்ப போட, அப்பா?’ என்று கடைசி வரியில் கேட்டிருந்தான்.

கேட்காமல் செய்யமாட்டான். அவன் பிளேன் ஏறினதே இவர் குறித்துக் கொடுத்த நாளில்தான். ஏழு வயதில் ஒருமுறை கரிநாள் என்று பாராமல் போட்ட ஊசி சீழ் கட்டி, பத்து நாள் பிள்ளை அனுங்கிக்கொண்டு கிடந்ததை இவர் மறக்கவில்லை. ஸ்டேசன் மாஸ்ரராக இருந்து இளைப்பாறிய மனிசன். பாதை சரியென்று தெரியாமல் ஒரு ரயிலையும் விட்டவரில்லை, பெற்ற பிள்ளையை விடுவாரா?

“டொக்டர் சொல்லுற நாள் நல்ல நாள்தானே. போடட்டுமே” என்று மனைவி பராசக்தி அன்றைக்கே சொன்னாள்.

“நீ சும்மா இரு. ஐப்பசி அவன்ரை ராசிக்குக் கூடாது. கார்த்திகை அதைவிட மோசம். மார்கழியிலை ஆரும் நல்ல காரியம் துவங்குவினமோ? தை பிறக்கட்டும்.”

அன்றிலிருந்து சாமியறையில் இன்னொரு விளக்குக் கூடியது.

சண்டையால் ஊரில் போனும் இல்லை, கடிதம் போய்ச் சேர எத்தனை மாதமாகுமோ. ஒழுங்கைக்கு அங்கால் இருக்கிற பஞ்சலிங்கம் அலுவலாகக் கொழும்புக்குப் போனான், அவனைப் பிடித்து, “போய்ச் சேர்ந்த உடனை தம்பிக்குப் போன் எடு. அப்பா நாள் பாத்துச் சொல்லுமட்டும் பொறுக்கட்டாம் எண்டு சொல்லு” என்று இவர் அனுப்பிவைத்தார். அது போன மாதம்.

இன்றைக்குத்தான் நாள் அகப்பட்டது. தை எட்டு, வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதுக்கும் பத்துக்கும் இடையில். அதுவும் கனடாவின் ஒன்பது மணிதான், இங்கத்தைய ஒன்பது அல்ல என்று கீழே கோடு போட்டு எழுதி, உறையை ஒட்டினார். பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

படலை திறந்தது. பஞ்சலிங்கம் வந்துகொண்டிருந்தான். தோளில் பை, முழங்கால் வரைக்கும் நனைந்த காற்சட்டை.

“இப்பதான் உன்னை நினைச்சனான். எப்ப வந்தனி?”

“விடியக் கிளாலிக் கரையிலை வள்ளத்தாலை வந்திறங்கி நேரை இஞ்சைதான் வாறன், அண்ணை.”

“வீட்டை போகாமலோ? மனிசி பாத்துக்கொண்டிருப்பாளே. தம்பி கொழும்புக்கு ஏதும் அனுப்பினவனோ?”

“இல்லை.”

பராசக்தி தேத்தண்ணி வைக்க அடுப்படிக்கு ஓடினாள். கதிரையை இழுத்துப் போட்டும் பஞ்சலிங்கம் இருக்கவில்லை. கடலிலை உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு வந்த களைப்பு, பாவம் என்று நினைத்தார் செல்வநாயகத்தார்.

“நான் சொன்னதைத் தம்பிக்குச் சொன்னனியோ?”

“போன அண்டைக்கே சொன்னனான்.”

“என்ன சொன்னவன்?”

“‘நாளைக்குப் போடுறதுக்குப் பேர் எழுதிக் குடுத்திருக்கிறன், மாமா. அப்பா பொறுக்கச் சொன்னால் விடுறன்’ எண்டவன்.”

செல்வநாயகத்தாரின் கண் கலங்கிவிட்டது. “கேட்டியே பராசக்தி? கடல் தாண்டிப் போயும் அப்பன்ரை சொல்லைத் தட்டேல்லை” என்று அடுப்படிப் பக்கம் குரல் கொடுத்தார். பெருமையில் நெஞ்சு விம்மியது அவருக்கு.

“பிறகும் கதைச்சனியோ?”

“வெளிக்கிட முன்னம் எடுத்தனான். கூட இருக்கிற பெடியன்தான் கதைச்சவன்.”

“இவன் வேலையாக்கும்.” அவர் உறையை நீட்டினார். “இந்தா, நாள் எழுதியிருக்கிறன். கொழும்புக்குப் போற ஆரிட்டையாவது குடுத்துவிடு. தைக்கு இன்னும் நாலு கிழமை கிடக்கு. அதுக்கிடையிலை காய்ச்சல் கீய்ச்சல் வராமல் இருந்தால் காணும்.”

பஞ்சலிங்கம் கை நீட்டவில்லை. அடுப்படிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

“பிள்ளையை எரிச்சு ஒரு கிழமையாகுது, அண்ணை.”