டியூப்லைட் அணைக்காத வீடு

"டிவி இருட்டா இருக்கு தம்பி, எடுத்துட்டுப் போயிடுங்க" என்றார் வீட்டுக்காரர், நான் செருப்பைக் கழற்றுவதற்குள்.

வாங்கிய டிவியைக் கடைக்குத் திருப்பித் தர இன்றுதான் கடைசி நாள். டிவியை ஏற்றிப் போக வாசலில் வண்டி தயாராக நின்றது.

இந்த மாதத்தில் இதே புகார் எனக்கு நான்காவது. முதல் மூன்று டிவிகளும் ஒரு குறையும் இல்லாமலே கடைக்குத் திரும்பிவிட்டன. டிவி மெக்கானிக்குக்கு அது பெரிய வயிற்றெரிச்சல். நன்றாகப் படிக்கிற பிள்ளையை ஃபெயிலாக்கிய மாதிரி. இந்த நான்காவதை விடுவதாக இல்லை.

கூடத்துக்குள் நுழைந்ததுமே காரணம் தெரிந்துவிட்டது.

பட்டப்பகல். அப்போதும் இரண்டு டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தன. அதில் ஒன்று டிவிக்கு நேர் எதிரே.

சோபாவில் அவருடைய மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. டிவியில் ஏதோ படம், கீழே எழுத்துகளோடு ஓடியது. சத்தம் சுத்தமாக இல்லை. அதை மட்டும் இவர்கள் குறையாகச் சொல்லவில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

"பிரைட்னஸை ஏத்திப் பார்த்தாச்சு. ஏறவே மாட்டேங்குது."

ஏறாது. எச்டிஆர் என்கிற புது ரகப் படம் வந்தால் டிவி ஏற்கனவே தன் முழு பலத்தில்தான் நிற்கும். எந்த இடத்தில் எவ்வளவு வெளிச்சம், எந்த இடத்தில் துளிகூடக் கூடாது என்று படம் எடுத்தவர்களே சொல்லி அனுப்பியிருப்பார்கள். பழைய டிவியில் சூரியனும் சலவைச் சட்டையும் ஒரே வெள்ளை. இதில் சட்டை சட்டையாக இருக்கும், சூரியன் கண்ணைக் கூச வைக்கும். ஆனால் அதற்கு அறையில் இருட்டு வேண்டும்.

சுவரில் ஒரு புகைப்படம். பேருந்துக்குப் பக்கத்தில், ஓட்டுநர் உடையில், மீசை நரைக்காத வீட்டுக்காரர். சரி, அவர் பாஷையிலேயே பேசிவிடலாம்.

"எதிர்ல ஒருத்தன் ஹைபீம் போட்டுட்டு வந்தா, ரோட்டோரம் நிக்கிற ஆளு தெரியுமா சார்? உங்க டியூப்லைட்டுதான் அந்த ஹைபீம். அதை அணைங்க."

கப்பென்று பிடித்துக்கொண்டார். தலையைக்கூட ஆட்டினார். ஆனால் சுவிட்ச் பக்கம் நகரவில்லை.

"இந்த வீட்ல லைட்ட அணைக்கிறதில்ல தம்பி. அவளுக்கு இருட்டு ஆகாது."

இருட்டுக்குப் பயப்படுகிறவர் போலும். இல்லாவிட்டால் இவர்தான் அந்த அம்மாவை வாய் திறக்க விடாதவர். கேட்டதற்கெல்லாம் இவரே பதில் சொல்கிறாரே. எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

இரண்டே நிமிடம் என்று கெஞ்சினேன். வாசல் கதவைச் சாத்தி, ஜன்னலின் கனத்த திரையை இழுத்துவிட்டு, டிவிக்குப் பின்னால் குனிந்து என் பென் டிரைவைச் செருகினேன். நிமிர்ந்தபோது அந்த அம்மா துணிகளை ஓரமாக வைத்திருந்தார். கணவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவர் சுவிட்சைத் தட்டினார்.

கூடம் கறுத்தது. திரையும் கறுத்தது. டிவி எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

பிறகு திரையில் ஒரு கண்ணாடிப் பட்டறை. உலைக்குள்ளிருந்து ஒருவர் நீளக் குழாயை வெளியே இழுக்கிறார். அதன் நுனியில் உருகிய கண்ணாடி.

நடுவில் கண் கூசும் வெள்ளை, அதைச் சுற்றி மஞ்சள், ஓரத்தில் ஆரஞ்சு. அவர் நெற்றி வியர்வையில் ஒவ்வொரு துளியும் தனியாக மின்னியது. அவருக்குப் பின்னால், அவ்வளவு இருட்டிலும், சுவரின் செங்கல்களை எண்ணிவிடலாம்.

நானூறு தடவையாவது போட்டுக் காட்டிய கிளிப். எனக்கு அலுத்துப்போனது. இருந்தாலும் எப்படி இருக்கிறது பார்த்தீர்களா என்று பெருமையோடு திரும்பினேன்.

அவர்கள் டிவியைப் பார்க்கவில்லை.

கண்ணாடியின் வெளிச்சம் சோபா வரை வந்திருந்தது. அந்த வெளிச்சத்துக்குள் அந்த அம்மாவின் கைகள் எழுந்தன. விரல்கள் விரிந்தன, மடங்கின, மோவாயைத் தொட்டுத் திரும்பின. கணவரின் கைகள் அதற்குப் பதில் சொல்லின.

வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசாத அம்மா, மூச்சு விடாமல் பேசிக்கொண்டிருந்தார்.

திரையில் குழாய் மறுபடி உலைக்குள் போனது. கூடம் இருண்டது. நான்கு கைகளும் பாதிப் பேச்சில், காற்றிலேயே நின்றிருக்க வேண்டும். குழாய் வெளியே வந்தபோது அவை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தன.

இந்தத் திரை எவ்வளவு வெளிச்சம் தரும் என்று வீடு வீடாக எண் சொல்லித் திரிந்தவன் நான். அது இப்படி இரண்டு பேரின் கைகள் வரை போய்ச் சேரும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

"என்ன சார் சொல்றாங்க?"

அவர் மனைவியின் கைகளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"முப்பத்தொரு வருஷமா சேர்ந்து தியேட்டருக்குப் போறோம் தம்பி. இடைவேளையில லைட்டு போட்டாத்தான் எங்களுக்குப் பேச்சே. இனிமே படம் ஓடும்போதே சண்டை போடலாம்ங்கிறா."

வாசலில் வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அந்த அம்மா திரும்பவில்லை. அவரும் திரும்பவில்லை.

நான் தட்டுத் தடுமாறிப் போய், வெயில் உள்ளே வந்துவிடாதபடி கதவை ஒரு விரல்கடை மட்டும் திறந்து, வண்டிக்காரரைக் காலியாகவே போகச் சொன்னேன்.