விசாரித்த வகையில்

“முஹன்னா தம்பி, நீங்க குறட்டை விடுவீங்களாமே?”

ஹமூத் கேட்ட முதல் கேள்வியே இதுதான். அரபுக் காப்பியான காவாவை ஊற்றிக் கொடுத்த கையைக்கூட இன்னும் அவர் மடக்கவில்லை.

வந்தவன் கோப்பையை வாங்கிக்கொண்டான். “யார் மாமா சொன்னது?”

“பொண்ணு கொடுக்கறதுன்னா நாலு இடத்துல விசாரிக்க மாட்டோமா? நம்ம நிஸ்வா ஊர்ல காலங்காலமா உள்ள பழக்கம்தானே.”

“அது சரி. விசாரிக்காம கொடுக்கக் கூடாதுதான்.”

பதில் பணிவாக வந்ததில் ஹமூதுக்குக் குஷி. மகள் ரய்யாவுக்கு இருபத்தெட்டு முடிந்துவிட்டது. பள்ளிக்கூட டீச்சர். இதுவரை பெண் கேட்டு வந்த மூன்று பேரையும் அவர் விசாரித்தே விரட்டிவிட்டார். ஒருவனுக்குச் சர்க்கரை, ஒருவனுக்கு மூலம், மூன்றாமவன் தூக்கம் வராமல் மனநல டாக்டரைப் பார்த்தவன். அந்த மூன்றாமவனை ரய்யாவுக்குப் பிடித்திருந்தது. பாவம், ஒரு வாரம் அழுதாள். அப்புறம் அவளே மனசைத் தேற்றிக்கொண்டு, “வியாழக்கிழமை முஹன்னான்னு ஒருத்தர் வருவார் வாப்பா” என்று முழுப் பேரையும் எழுதிக் கொடுத்திருந்தாள்.

“பெரியவங்க யாரும் வரலையா?” என்றார் ஹமூத்.

“முதல்ல நான் உங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போகலாம்னு...” என்றபடி அவன் அல்வாத் தட்டை நோக்கிக் கை நீட்டினான்.

ஹமூத் தட்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். “முந்திரி போட்டிருக்கு. தின்னா உங்களுக்குத் தொண்டை வீங்கும். ரெண்டு வருஷம் முன்னால சலாலாவுல எமர்ஜென்சியில கிடந்தீங்களே, மறந்துடுச்சா? பேரீச்சம்பழம் எடுத்துக்குங்க.”

கதவுத் திரைக்குப் பின்னாலிருந்து மனைவி ஷம்ஸா குரல் கொடுத்தாள். “வீடு தேடி வந்த பிள்ளை கையிலேருந்து பிடுங்கறீங்களே, வெக்கமா இல்லை?”

“உயிரைக் காப்பாத்தியிருக்கேன். நீ உள்ளே போ!”

“சலாலா ரொம்ப தூரமாச்சே மாமா. அங்கே போயா விசாரிச்சீங்க?”

“போவானேன்? நான் சுகாதார நிலையத்துல பதிவு மேசையில இருக்கேன்ல? முன்னெல்லாம் பள்ளிவாசல் இமாம், பக்கத்து வீடு, மளிகைக் கடைன்னு நாய் மாதிரி அலையணும். அலைஞ்சாலும் எல்லாரும் ‘தங்கமான பையன்’னுதான் சொல்வாங்க. கம்ப்யூட்டருக்கு முகதாட்சண்யம் கிடையாது. நாட்டுல எந்த ஆஸ்பத்திரியில நீங்க தும்மினாலும் என் மேசையில தெரிஞ்சுடும்.”

“நல்ல வசதிதான். எங்க பெரியப்பா ஊர்விட்டு ஊர் போன இடத்துல மயங்கி விழுந்தார். அங்கே இருந்த டாக்டர் கம்ப்யூட்டர்ல அவர் ஃபைலைத் திறந்து பார்த்துத்தான் சரியான மருந்து கொடுத்தார். பிழைச்சுட்டார்.”

“அதைத்தான் நானும் சொல்றேன்!”

“ஆனா அது டாக்டர் பார்க்கறதுக்குத்தானே மாமா? பெத்த தாய்கிட்ட சொல்லாததைக்கூட டாக்டர்கிட்ட சொல்றோம். அதைப் பொண்ணு வீட்டுல காவா குடிச்சுக்கிட்டே பேசினா, நாளைக்கு எவன் டாக்டர்கிட்ட வாயைத் திறப்பான்?”

“மடியில கனமிருந்தாத்தானே வழியில பயம்,” என்று ஹமூத் ஒரே போடாகப் போட்டார். “நாளைக்குப் பிறக்கற பிள்ளைக்கு ரத்தத்துல நோய்னா, அழப்போறது எம் பொண்ணு.”

“அதுக்குத்தான் கல்யாணத்துக்கு முன்னால ரத்தப் பரிசோதனை இருக்கே.”

“அதுல குறட்டை தெரியுமா? பன்னிரண்டு வயசு வரைக்கும் நீங்க படுக்கையை நனைச்சது தெரியுமா?”

திரைக்குப் பின்னால் ஷம்ஸா தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. வந்தவன் முகம் மட்டும் மாறவே இல்லை.

“மன்னிச்சுக்குங்க தம்பி, இந்தச் சம்பந்தம் சரிப்பட்டு வராது,” என்றார் ஹமூத்.

“என்கிட்ட நீங்க கண்ட குறையெல்லாம் அந்தக் கம்ப்யூட்டர்ல பார்த்ததுதானா?”

“பின்னே? ஒரு தடவை இல்லை, அஞ்சு தடவை திறந்து பார்த்தேன்.”

“வேற யாராவது உங்க பாஸ்வேர்டைப் போட்டுப் பார்த்துச் சொல்லியிருந்தா? ஆள் மாறிப் போயிருக்கலாமே?”

“என் பாஸ்வேர்டு என் பொண்டாட்டிக்கே தெரியாது!” ஹமூத் மார்தட்டிக்கொண்டார். “எல்லாம் நானே, இந்தக் கண்ணால பார்த்தது.”

வந்தவன் போதும் என்பதற்கு அடையாளமாகக் கோப்பையை இரண்டு முறை ஆட்டிக் கீழே வைத்தான். அங்கிப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தான்.

“ஐயா, நான் மஸ்கட்லேருந்து வர்ற சுகாதாரத் துறை சோதனை அதிகாரி. முஹன்னான்னு அப்படி ஒரு ஆளே கிடையாது. அந்த ஃபைல்ல இருக்கறதெல்லாம் நாங்களா உட்கார்ந்து எழுதினது, அடுத்தவன் ஃபைலை நோண்டறது யாருன்னு பிடிக்க. மாட்டிக்கிட்டா எல்லாரும் ‘எவனோ என் பாஸ்வேர்டைப் போட்டுட்டான்’னு சாதிக்கறாங்க. அதான் உங்க வாயாலேயே கேட்டுட்டுப் போகலாம்னு வந்தேன்.”

ஹமூத் அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இல்லாத ஆளா? இந்தப் பேரை எங்கிட்ட எழுதிக் கொடுத்ததே எம் பொண்ணுதானே...”

“ஆமா ஐயா,” என்றான் அதிகாரி. “எங்களுக்குப் புகார் எழுதினதும் அவங்கதான்.”